பதினான்கு சாவிகளும் ஒரு கோலிக்குண்டும்

வாங்க, வாங்க. கிட்ட வந்து உட்காருங்கள். கால் நீட்ட வேண்டும் என்றால் நீட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவரை உதைக்காமல் இருந்தால் சரி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு சாவிக்கொத்தின் கதை சொல்லப் போகிறேன். இதில் பூதம் இல்லை, ராஜா இல்லை. குழப்பம் மட்டும் நிறைய உண்டு. நடுவில் உங்களுக்கே தலை சுற்றினாலும் பயப்பட வேண்டாம். கதையில் வருகிற பெண்ணுக்கும் அப்படித்தான் சுற்றியது.

அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏதோ ஒரு நீளப் பெயர் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் கிலுக்கு. ஓயாமல் பேசுவாள், பேசாத நேரத்தில் பாடுவாள், இரண்டும் இல்லாத நேரத்தில் தூங்குவாள். அதனால் அவளுடைய அப்பா வைத்த பெயர் அது.

அப்பா கணக்கு ஆசிரியர். பள்ளி முடிந்து வந்ததும் கீழ்த்தளத்து வராந்தாவில் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மாவே கணக்குச் சொல்லிக் கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். ஊருக்குப் போகிறவர்களின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்.

அதெப்படித் திறப்பார் என்கிறீர்களா? தெருவில் பாதிப் பேர் தங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே இரும்பு வளையத்தில் கோத்து, இடுப்பில் மாட்டியிருப்பார். வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் தொங்கவிடுவார்.

அவர்கள் வீடு முதல் மாடியில். இருபத்திரண்டு படிகள். அப்பா ஏறி வரும்போது ஒவ்வொரு படிக்கும் கொத்து குலுங்கும். கிலுங், கிலுங், கிலுங். பத்தாவது படியில் அம்மா தேநீருக்கு அடுப்பைப் பற்றவைப்பார். இருபதாவது படியில் கிலுக்கு கதவைத் திறப்பாள்.

அந்த அப்பா இறந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

கிலுக்குக்கும் புரியவில்லை. அவள் பேச்சு அப்படியே நின்றுபோனது.

அதைவிடப் பெரிய குழப்பம், வீட்டுக்கு வந்தவர்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது.

ரொட்டிக் கடைக்காரர் சொன்னார்: "உங்க அப்பா மாதிரி சிரிக்க வைக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல கண்ணு. வயிறு புண்ணாயிடும்."

கிலுக்கு யோசித்தாள். வீட்டில் அப்பா சொல்லும் நகைச்சுவைக்கு அப்பா மட்டும்தான் சிரிப்பார்.

பஸ் ஓட்டுகிற அண்ணன் சொன்னார்: "நான் சார்கிட்ட படிச்சவன். இத்தனை வருஷம் ஆச்சு, கடைசி வரைக்கும் அவரைப் பாத்தா ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்கும். அப்படி ஒரு பயம்."

அப்பாவைப் பார்த்தா பயம்? கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற அப்பாவைப் பார்த்தா?

அப்பா வேலை பார்த்த, கிலுக்கு படிக்கிற பள்ளியின் தலைமை ஆசிரியை சொன்னார்: "பதினெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட அவர் லேட்டா வந்ததில்ல."

வீட்டில் அப்பா தினமும் ஒரு காலில் சாக்ஸும் கையில் இன்னும் போடாத மற்றொரு சாக்ஸுமாக, "ஐயோ லேட்டாயிடுச்சு, ஐயோ லேட்டாயிடுச்சு" என்று அறை அறையாக ஓடுவார்.

'இவங்க எல்லாம் வேற யாரையோ சொல்றாங்க' என்று கிலுக்கு நினைத்தாள். 'இல்லேன்னா எனக்குத்தான் அப்பாவைத் தெரியலையா?'

இன்னொரு விஷயமும் விளங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போகும்போது கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அங்கே வெறும் ஆணி. உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, நான் வரேன்" என்று கிளம்பினார்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒரே வாரத்தில் நான்கு முறை ரொட்டி கொண்டு வந்தார். நான்கு முறையும் ஆணியைப் பார்த்தார்.

ஆணி ஏன் வெறுமையாக இருந்தது? கொத்தைக் கிலுக்கு எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். அவள் தலையணைக்கு அடியில் இருந்தது அது. காலையில் எழுந்ததும் காதோரம் வைத்து ஒரு குலுக்கு குலுக்குவாள். கிலுங். அப்பா பத்தாவது படியில் இருப்பதுபோல் இருக்கும். உடனே அடியில் தள்ளிவிடுவாள்.

பதினான்கு சாவிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கட்டியிருக்கும். ஒன்றில் சட்டைப் பொத்தான். ஒன்றில் வெள்ளை இறகு. ஒன்றில் செருப்புக் கயிற்றுத் துண்டு. ஒன்றில் கம்பி சுற்றிய பச்சைக் கோலிக்குண்டு. ஒன்றில் சின்னத் துணி முடிச்சு. அப்பாவே தேடித் தேடிக் கட்டியது என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்போது மாமா வருகிறார். அம்மாவின் அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்துத் துடைத்து, எதைப் பார்த்தாலும் துடைக்கிற பழக்கம் வந்துவிட்டது. அம்மா பல் மருத்துவரிடம் சீட்டு எழுதும் வேலைக்குப் போக ஆரம்பித்ததால், துணைக்கு இருக்கட்டும் என்று வந்திருந்தார். வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு தூசி உயிரோடு இல்லை. ஜன்னலைத் துடைத்தார், செருப்பின் அடிப்பாகத்தைத் துடைத்தார், அழுக்காக இருக்கிறது என்று கிலுக்கின் அழிரப்பரைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஒரு நாள் கிலுக்கு பள்ளியிலிருந்து வந்தபோது, மாமா தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பெருமை.

"இங்க வா, வா! தலைகாணி உறை மாத்தலாம்னு எடுத்தேன், இது கெடச்சுது. பாரு, எப்படி மின்னுது! மூஞ்சி தெரியுது பாரு!"

செய்தித்தாள் மேல் பதினான்கு சாவிகள். குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாக. பளபளவென்று, மொட்டை மொட்டையாக.

"அதுல கட்டியிருந்தது எங்க மாமா?"

"அதுவா? நூலு, இறகு, கயிறு, என்னென்னமோ அழுக்கு. எல்லாத்தையும் பிச்சுத் தூக்கிப் போட்டேன். உங்க அப்பா தங்கமான மனுஷன்தான், இல்லேங்கல. சுத்தம்தான் கொஞ்சம் கம்மி."

"அது அழுக்கு இல்ல!" மூன்று வாரமாகப் பேசாத பிள்ளை, கட்டடமே கேட்கும்படி கத்தினாள். "அது அப்பா கட்டினது! இனிமே எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? நீங்க ஏன் எல்லாத்தையும் துடைக்கிறீங்க?"

மாமா கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அவர் எழுந்து போய்க் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார். தான் துடைத்த தரையிலேயே! முழங்காலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதி, ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டார். மூக்குக் கண்ணாடி வைக்கிற கூடு.

"எண்ணிப் பாரும்மா. பதினாலு இருக்கா?"

இருந்தது.

"எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல கண்ணு," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டே. "உங்க அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உனக்கு என்ன சொல்றதுன்னும் தெரியல. எனக்குத் துடைக்கத்தான் தெரியும்."

கிலுக்கின் கோபம் பாதியிலேயே வழி தெரியாமல் நின்றுவிட்டது. மாமாவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. அவளும் உட்கார்ந்து, மொட்டைச் சாவிகளைத் திரும்பவும் வளையத்தில் கோத்தாள். குலுக்கிப் பார்த்தாள். நல்லவேளை, சத்தம் மாறவில்லை.

மறுநாள் மாலை, இரண்டாவது மாடிக்குப் போகும் படியில் தையல்கார அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் அந்த மாடியில் தனியாகக் குடியிருப்பவர். மடியில் காய்கறிப் பை.

"ஏங்க்கா இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான். காத்து வாங்கறேன்."

கிலுக்கு சுற்றிலும் பார்த்தாள். படிக்கட்டில் ஜன்னலே கிடையாது.

"இங்க ஏது காத்து?"

"வரும், வரும். மெதுவா வரும்."

"எவ்வளவு நேரமா வாங்கறீங்க?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு மணியிலேர்ந்து."

அப்போது மணி ஐந்து. கிலுக்கு அக்காவைப் பார்த்தாள், அவருடைய மூடிய கதவைப் பார்த்தாள், தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஆணியை எட்டிப் பார்த்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இப்போது புரிந்தது.

"அக்கா, உங்க சாவியும் எங்க அப்பாகிட்டதானே இருந்துச்சு?"

அக்கா பையிலிருந்த புடலங்காயைத் தடவிக்கொடுத்தார்.

"கதவு தானா சாத்திக்கிச்சு," என்றார் கடைசியில். "உள்ள ஆறு சட்டை பொத்தான் வெக்காம கெடக்கு, காலையில குடுத்தாகணும். ஆனா உங்க அம்மாகிட்ட போயி, இந்த நேரத்துல, சாவி எங்கேன்னு எப்படிக் கேக்கறது? நல்லாவா இருக்கும்? அந்த ஆணியைப் பாத்தாலே எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது."

கிலுக்கு கீழே ஓடினாள். கொத்தையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். கூட்டிலிருந்து பொத்தானை எடுத்து நீட்டினாள்.

"இதானே உங்களுது? தையல்காரங்கன்னா பொத்தான்."

"இல்லியே. என்னுது இறகு."

"இறகா? நீங்க கோழி வளக்கலையே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாவி குடுக்கப் போன அன்னைக்கு நான் தலைகாணி தைச்சிட்டிருந்தேன். முடியெல்லாம் இறகு. உங்க அப்பா, 'பேரு எழுதக் கூடாதும்மா, திருடன் கையில கெடச்சா நாமளே வழி சொன்ன மாதிரி ஆயிடும். உங்ககிட்ட இப்ப என்ன இருக்கோ அதுல ஒண்ணு கட்டுங்க'ன்னாரு. என்கிட்ட என்ன இருந்துச்சு? தலையிலேர்ந்து ஒரு இறகைப் பிடுங்கிக் கட்டினேன்."

"அப்போ அப்பா கட்டலையா?"

"எல்லாருமே அவங்கவங்க கையாலதான் கட்டினோம். உங்க அப்பா பாத்து ஞாபகம் வெச்சுக்குவாரு. அந்த மண்டையில எல்லாம் இருந்துச்சு."

ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாவது சாவியில் கதவு திறந்தது. கிலுக்கு அதில் இறகைக் கட்டினாள். அக்கா அதைக் கழற்றித் தரும்படி கேட்கவில்லை. கிலுக்கு கொத்தை எப்படி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள் என்பதைப் பார்த்துவிட்டு, "வெச்சிரு கண்ணு" என்றார். "மத்தவங்களைப் பத்தி நீயே யோசிச்சு முடிவு பண்ணு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அதுதான் கஷ்டம். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியது. பதின்மூன்று பேர் அவரவர் சாவிக்காகக் காத்திருக்கிறார்கள், கேட்கக் கூச்சம். கொடுத்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் கொத்து போய்விடும். கொத்து போனால் சத்தம் போய்விடும். அந்தச் சத்தத்தைத் தவிர அப்பாவிடமிருந்து அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

அந்த வாரம் தலைமை ஆசிரியை அவளை அழைத்தார்.

"ஞாயித்துக்கெழமை சாயந்திரம் ஓவிய அறையில அப்பாவுக்கு ஒரு நினைவுக் கூட்டம். நீ ரெண்டு நிமிஷம் பேசணும். உனக்குப் பேசவா சொல்லிக் குடுக்கணும்?"

முன்பெல்லாம் கிலுக்கை இரண்டு நிமிடத்தில் நிறுத்தத்தான் கஷ்டப்படுவார்கள். இப்போது அவள் ஒரு வெள்ளைத் தாளோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். 'என் அப்பா' என்று எழுதினாள். எந்த அப்பா என்று தெரியவில்லை. அடித்தாள்.

"அம்மா, அப்பா கண்டிப்பானவரா?"

அம்மா சட்டை மடித்துக்கொண்டிருந்தார். "ம்ம்... இல்ல. ஆமா. எதுக்குக் கேக்கற?"

"வேடிக்கையா பேசுவாரா?"

"நல்லா பேசுவாரு. ஆனா சிரிப்பு வராது." அம்மா மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார். அது அப்பாவின் சட்டை. "எனக்கே ஒண்ணும் சரியா சொல்லத் தெரியலடா கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓவிய அறை நிறைய ஆட்கள். பிள்ளைகள் வரைந்த யானைகளும் கப்பல்களும் சுவரெல்லாம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள்.

பஸ் ஓட்டும் அண்ணன், "சார் ரொம்பக் கண்டிப்பு" என்று ஆரம்பித்தார்.

"கண்டிப்பா?" என்று ரொட்டிக் கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "எந்த வாத்தியாரைச் சொல்றீங்க? சிரிச்சுச் சிரிச்சு என் கடையில மாவுல விழுந்த மனுஷன்யா அவரு!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் தலைமை ஆசிரியை. "அவர் அமைதியானவர். நேரம் தவறாதவர்."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "நேரம் தவறாதவரா? அவரா?"

அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிலுக்குக்கு ஆச்சரியம். தனக்கு மட்டும்தான் குழப்பம் என்று நினைத்திருந்தாளே! இங்கே ஓர் அறை முழுக்கக் குழம்பிப்போய் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? ஏனோ அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அடுத்து கிலுக்கு," என்றார் தலைமை ஆசிரியை.

அவள் எழுந்து போனாள். கையில் தாள் இல்லை. பையிலிருந்து கொத்தை எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு குலுக்கு குலுக்கினாள்.

கிலுங், கிலுங், கிலுங்.

ரொட்டிக் கடைக்காரர் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ் ஓட்டும் அண்ணன் சட்டென்று நேராக உட்கார்ந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுதான் எங்க அப்பா வர்ற சத்தம்," என்றாள் கிலுக்கு. "அவரு எப்படின்னு எனக்குத் தெரியல. உங்களுக்கும் சரியா தெரியல போல. ஆனா இந்தச் சத்தம் எல்லாருக்கும் தெரியுது."

அவள் கொத்தைக் கீழே இறக்கினாள்.

"நான்தான் இதை ஒளிச்சு வெச்சிருந்தேன். நீங்க எல்லாரும் ஆணியைப் பாத்துட்டுப் போனது எனக்கு அப்போ புரியல. இது உங்க வீட்டுச் சாவி. எல்லாரும் எடுத்துக்கோங்க. ஆனா ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு."

"என்ன பிரச்சினை?"

"எங்க மாமா துடைச்சிட்டாரு."

மாமா பின்வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கிலுக்கு கண்ணாடிக் கூட்டை மேசையில் கொட்டினாள். "உங்க பொருள் எதுன்னு வந்து பாருங்க."

முதலில் பஸ் ஓட்டும் அண்ணன் வந்து பொத்தானை எடுத்தார். "என்னுது. வண்டி எடுக்கற அவசரம். சார் ஏதாவது கட்டுன்னு சொன்னதும், பயத்துல சட்டைப் பொத்தானைப் பிச்சுட்டேன். அன்னைக்குப் பூரா சட்டையைக் கையால பிடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன்."

"பாத்தீங்களா, இதைச் சொல்லித்தான் என் கடையில அப்படிச் சிரிச்சாரு!" என்றார் ரொட்டிக் கடைக்காரர், செருப்புக் கயிற்றை எடுத்துக்கொண்டே.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குக் குடைக்கம்பியின் நுனி. ஒருவருக்கு உடைந்த சீப்பின் பல். ஒருவருக்கு நீலக் கம்பளி நூல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கடைசியில் மேசையில் இரண்டு மிஞ்சின. பச்சைக் கோலிக்குண்டு, துணி முடிச்சு.

"கோலிக்குண்டு யாருடையது?" என்று கேட்டாள் கிலுக்கு. "யாராவது சின்னப் பசங்களா?"

தலைமை ஆசிரியை இருமினார். முகம் சிவந்துவிட்டது.

"வகுப்புல விளையாடின பையன்கிட்ட பறிமுதல் பண்ணினேன். அது என் பையில இருந்துச்சு," என்றார். "நானும் சில சமயம் சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிடுவேன். மூணு தடவைதான்."

"அஞ்சு," என்றார் அம்மா மெதுவாக. "ஆனா அவரு யார்கிட்டயும் சொல்லலைங்க. என்கிட்ட மட்டும்தான்."

அறை சிரித்தது. தலைமை ஆசிரியையும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்ப்பது கிலுக்குக்கு அதுதான் முதல் தடவை.

துணி முடிச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அம்மா வந்து பிரித்தார். உள்ளே ஒரு குட்டிப் பல். ஓரத்தில் ஒரு துளி உடைந்திருந்தது.

"ஐயே, யாரோட பல்லுப்பா இது?" என்றார் பஸ் ஓட்டும் அண்ணன்.

"இவளோடதுதான்," என்றார் அம்மா. பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவர் இல்லையா, உற்றுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "படியில விழுந்து ஒடைச்சிக்கிட்ட முன்பல்லு. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னாரு. எங்க வீட்டு மாத்துச் சாவியில கட்டி வெச்சிருக்காரு பாரேன்."

கிலுக்கு நாக்கால் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். புதுப் பல் முளைத்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. பழையது இத்தனை நாளும் அப்பாவின் இடுப்பில் தொங்கியிருக்கிறது!

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? தெருவில் ஒரு ஊர்வலமே நடந்தது. முன்னால் கிலுக்கு, கையில் கொத்து. பின்னால் எல்லோரும். ஒவ்வொரு கதவாக நின்று, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார்கள்.

"இது இல்ல... இதுவும் இல்ல... தள்ளுங்க, நான் பாக்கறேன்..."

"ஏங்க, இடிக்காதீங்க!"

"திறந்துடுச்சு! அட, திறந்துடுச்சு!"

ஒவ்வொரு கதவு திறந்ததும் ஒரு கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலுக்கும் கொத்தில் ஒரு சாவி குறைந்தது. பத்து இருக்கும்போது கிலுங் என்றது. ஐந்து இருக்கும்போது கிளிங் என்றது. ஊர்வலமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. தங்கள் கட்டடத்துக்கு வந்தபோது இரண்டே சாவிகள். இறகும் பல்லும்.

இரண்டாவது மாடிக்குப் போய்த் தையல்கார அக்காவின் சாவியையும் கழற்றிக் கொடுத்தாள். "எடுத்துக்கோங்கக்கா. எல்லாருக்கும் குடுத்துட்டு உங்களுக்கு மட்டும் குடுக்கலேன்னா சரியா இருக்காது."

பிறகு தன் வீட்டுக்கு இறங்கி வந்தாள். ஒவ்வொரு படியிலும் வளையத்தைக் குலுக்கிப் பார்த்தாள்.

ஒற்றைச் சாவிக்குச் சத்தமே வராது. உங்களுக்குத் தெரியுமா? வேண்டுமானால் வீட்டில் செய்து பாருங்கள். இடித்துக்கொள்ள இன்னொன்று வேண்டும்.

அவள் வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, கொத்து என்கிட்டதான் இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதில்ல?"

"தெரியும். தெனம் காலையில தலைகாணிக்கு அடியில சத்தம் கேக்குமே."

"அப்போ ஏன் சொல்லல?"

"நானும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் அம்மா.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். தையல்கார அக்கா.

"கிலுக்கு, எனக்கு ஒரு விஷயம் புரியல. நீ கெட்டிக்காரி, நீ சொல்லு," என்றார். "சாவியைக் குடுத்துட்ட. சரி. நான் அதைத் தையல் மிஷின் மேல வெச்சேன். அப்புறம்தான் யோசிச்சேன். கதவு தானா சாத்திக்கிட்டா நான் வெளிய, சாவி உள்ள. மாத்துச் சாவி வீட்டுக்குள்ளயே இருந்தா அது எனக்கு என்னத்துக்கு ஆகும்?"

கிலுக்கு யோசித்தாள். "ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"அதான் கேக்கறேன். நீ வெச்சுக்கறியா?"

கிலுக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை ஆட்டினார்.

"வெச்சுக்கறேன்," என்றாள் கிலுக்கு. உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "ஆனா பேரு எழுதக் கூடாது. உங்ககிட்ட இப்ப என்ன இருக்கோ அதுல ஒண்ணு கட்டுங்க."

"இறகு இருக்கே?"

"அது அப்பாவுக்குக் கட்டினது. எனக்குப் புதுசா கட்டுங்க."

அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் நுனியை ஒரு விரல் நீளம் வெட்டிக் கட்டினார். இறகையும் அவிழ்க்கவில்லை.

பதினான்கும் திரும்பி வந்துவிட்டன என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வரவில்லை. ஆறுதான் வந்தன. பஸ் ஓட்டும் அண்ணன், "ஒன்னைப் பாத்தாலும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பொத்தானைப் பிய்த்துக் கொடுத்தார். தலைமை ஆசிரியை, பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, சாவியை நோட்டுக்குள் வைத்து நீட்டினார். கட்டியிருந்தது இன்னொரு கோலிக்குண்டு, இது மஞ்சள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்றார்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்வேன்," என்றாள் கிலுக்கு.

வளையத்தில் மொத்தம் ஏழு சாவிகள். தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்ட மாமா வாரா வாரம் வந்து அவற்றைத் துடைக்கிறார். கட்டியிருப்பதைத் தொடாமல், சாவியை மட்டும்.

அப்பா கண்டிப்பானவரா, வேடிக்கையானவரா என்பது மட்டும் இன்றைக்கும் முடிவாகவில்லை. ரொட்டிக் கடையில் தினமும் சண்டை நடக்கிறது.

ஒரு மாலை, ரொட்டிக் கடைக்கு எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டு, அந்த வீட்டுப் பாப்பா வெளியே மாட்டிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டுச் சாவியும் திரும்பி வந்த ஆறில் ஒன்று. கிலுக்கு கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்த் திறந்துவிட்டுத் திரும்பினாள். இருபத்திரண்டு படிகள். கிலுங், கிலுங், கிலுங்.

பத்தாவது படியில், உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கிலுக்கு ஒரு நொடி அங்கேயே நின்றாள். பிறகு மீதிப் படிகளையும் நன்றாகக் குலுக்கிக் குலுக்கி ஏறினாள்.

இருபதாவது படியில் அம்மாவே கதவைத் திறந்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா," என்றாள் கிலுக்கு. அன்றைக்கு நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள். தேநீர் ஆறும்வரை நிறுத்தவே இல்லை.

கதை முடிந்தது, கண்ணுகளா. எழுந்து போங்கள், உங்கள் வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுச் சாவி எங்கே தொலைந்தாலும் சரி, நீங்கள் தட்டும்போது உள்ளேயிருந்து "இதோ வரேன்" என்று சொல்ல ஒரு குரல் என்றைக்கும் இருக்கட்டும். உங்கள் படிகளில் ஏறி வருகிற காலடிகள் எல்லாம் நல்ல காலடிகளாக இருக்கட்டும்.